பூட்டு நடுவில்தான் இருக்க வேண்டும்

துப்பாக்கிச் சங்கத்துக்குத் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், சட்டையில் தைத்துக்கொள்ளச் சின்னம் இருந்தது, ஆறு காற்றுத் துப்பாக்கிகள்கூட இருந்தன. சுடுவதற்கு இடம்தான் இல்லை. இதை ஒரு குறையாகத் தலைவர் என்றுமே ஒப்புக்கொண்டதில்லை.

"இடம் யார்கிட்ட வேணா இருக்கும். நம்மகிட்ட கட்டுப்பாடு இருக்கு" என்பார்.

அந்தக் கட்டுப்பாடு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும், நூலகத்து மாடிக் கூடத்தில் செயல்பட்டது. கூடத்தின் ஒரு கோடியில் ஒரு நாற்காலி. நாற்காலிமேல் பழைய செய்தித்தாள் திணித்த அட்டைப்பெட்டி. பெட்டிமேல் குண்டூசியால் குத்திய இலக்கு அட்டை. மறு கோடியில் வீரர். குண்டு பட்டால் பெட்டி விழும். படாவிட்டால் வீரரின் முகம் விழும். பிறகு பாட்டுக் குழுவினர் வந்து மாடிப்படியில் தொண்டையைக் கனைப்பார்கள். கூடத்தின் சாவிக்காரர் சாவிக்கொத்தைக் குலுக்குவார். வீரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கலைவார்கள்.

இப்படியே வரலாறு ஓடியிருக்கும். ஆனால் ஒரு ஞாயிறு, கூடத்தைக் கட்டிக்கொடுத்த பெரியவரின் படத்தில், இடது காது மடலில், மிக அழகான ஒரு துளை விழுந்தது. சங்கத்தில் யாரும் அதுவரை அவ்வளவு சுத்தமாக எதையும் துளைத்ததில்லை. குண்டு வேறொன்றை நோக்கிச் சுடப்பட்டது என்பது மட்டுமே குறை.

சாவிக்காரர் படத்தைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார்.

"பின்னாடி தகரம் வச்ச ஸ்டாண்டா ஒண்ணு கொண்டாந்து வச்சுச் சுடுங்க. பாட்டுக்காரங்க வர்றதுக்குள்ள மடக்கி எடுத்துட்டுப் போயிடணும். முடியலன்னா ரோட்ல எறங்கிச் சுட்டுக்குங்க, எனக்கென்ன?"

சுட்டவர் கட்டிலார்.

கட்டிலார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாக வருபவர்கள் படுக்க மடக்குக் கட்டில் செய்யும் பட்டறையில் அவர் மேஸ்திரி. சதுரக் குழாயை அறுப்பதும் கீல் வைப்பதும் ரிவிட் அடிப்பதும் அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. மடங்காத பொருள் எதைப் பார்த்தாலும் அவர் மனம் நொந்துபோகும். அவர் வீட்டில் சாப்பாட்டு மேசை சுவரோடு மடங்கும். அலமாரித் தட்டுகள் மடங்கும். செருப்பு வைக்கும் பலகை மடங்கும். அதனுள் அவ்வப்போது செருப்பும் மடங்கும். வருகிற விருந்தாளிகள் உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒரு கையால் அழுத்திப் பார்ப்பது வழக்கம். அவருடைய மனைவி மட்டும் எதையும் அழுத்திப் பார்ப்பதில்லை. கால் கட்டைவிரலால் ஒரு உதை, முட்டியால் ஒரு தள்ளு. மேசை திறக்கும், அலமாரி மூடும். இதையெல்லாம் ஒரு திறமை என்று அந்த அம்மாள் நினைத்ததே கிடையாது. தலையெழுத்து என்றுதான் நினைத்திருந்தார்.

கட்டிலாரைச் சங்கத்தில் சேர்த்துவிட்டவன் அவருடைய மைத்துனன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சங்கத்தின் செயலாளரும் அவன்தான், முதல் தர வீரனும் அவன்தான், இந்த இரண்டையும் மறக்காமல் சொல்லிக்கொள்பவனும் அவன்தான். ஆண்டுக்கொரு முறை பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு போட்டி நடக்கும். அணிக்கு நான்கு பேர். சேர்ந்த நாளிலிருந்து கட்டிலார் அந்த நால்வரில் ஒருவராக நிற்க ஆசைப்பட்டார். ஐந்தாவது ஆளாகத்தான் நிற்க முடிந்தது. ஐந்தாவது ஆளின் கடமை தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொள்வது. நால்வரில் ஒருவருக்காவது காய்ச்சல் வராதா என்று அவர் ஏங்கியது உண்டு. ஆனால் சங்கத்தில் கட்டுப்பாடு இருந்ததால் யாருக்கும் எதுவும் வரவில்லை.

காது துளைபட்ட அன்று சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். நாற்காலியை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"அத்தான், காதுல சுட்டீங்களே, அதுக்குப் பரிகாரம் ஒண்ணு இருக்கு."

"படத்தை மாத்திக் குடுக்கணுமா?"

"படம் கெடக்குது. ஒரு ஸ்டாண்டு செஞ்சு குடுங்க. மடக்கணும், தூக்கணும், நம்ம டப்பா காருக்குள்ள போகணும். நீங்க செய்யாம யார் செய்வாங்க?"

"செஞ்சா?"

"செஞ்சா என்ன, இந்த வருஷம் டீம்ல நீங்க நாலாவது ஆளு. அக்கா மேல சத்தியம்."

"என்னை ஏன்டா இழுக்கிற? உன் கண்ணாடிக் கடை மேல பண்ணு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மேசைக் கோப்பைகளையெல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அங்கேயே சாக்கட்டியால் படம் போட ஆரம்பித்தார் கட்டிலார்.

ஒரு பொருளைச் செய்வது எளிது. ஒரு சங்கத்துக்காகச் செய்வதுதான் கடினம். தலைவர் வந்து, ஸ்டாண்டின் நெற்றியில் சங்கச் சின்னம் வைக்க இடம் வேண்டும் என்றார். துணைத்தலைவர் சக்கரம் கேட்டார். மாடிப்படியில் சக்கரம் எதற்கு என்று கேட்டதற்கு, நாளைக்கே சங்கம் தரைத்தளத்துக்கு முன்னேறாது என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார். பொருளாளர் அதை நீல நிறத்தில் கேட்டார். காரணம் கேட்டதற்கு, மற்றவர்கள் எல்லாரும் ஏதோ சொல்லிவிட்டார்கள் என்றார்.

கட்டிலார் எல்லாருக்கும் தலையாட்டினார். செய்தது தன் இஷ்டப்படிதான். கட்டில் குழாயில் இரண்டு ஜோடிக் கால்கள், அகல விரித்தால் கத்தரிக்கோல் போல நிற்கும். அவற்றின்மேல் தடித்த பிளைவுட் பலகை. பலகை நடுவில் உள்ளங்கையளவு ஒரு வட்டத் திறப்பு. இலக்கு அட்டை அதன்மேல் கிளிப்பில் நிற்கும். குண்டு அட்டையைத் துளைத்துத் திறப்பு வழியாகப் பின்னால் உள்ள தகரப் பெட்டிக்குள் போய், தொங்குகிற ரப்பரில் மோதி, சத்தமில்லாமல் அடியில் விழும். எல்லாம் முடிந்தபின் முன்பக்கம் ஒரு மூடி, புத்தக அட்டை போலப் பலகைமேல் படியும். படிந்ததும் கால்கள் தாமாக உள்ளே சுருங்கும். அப்புறம் அது ஒரு சூட்கேஸ்.

மூடிக்குப் பூட்டு எங்கே வைப்பது என்பதில் மட்டும் கட்டிலார் யோசிக்கவே இல்லை. கட்டில் தொழிலில் அதற்கு ஒரே ஒரு விதிதான்: பூட்டு நடுவில்தான் இருக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் பாரம் ஒரு பக்கமாகச் சாயும், நோயாளியின் தம்பி நடுச்சாமத்தில் தரையில் கிடப்பான். ஆகவே, மூடியின் நேர் நடுவில் ஒரு எஃகு ஊசியை வைத்தார். கட்டிலுக்குப் போடும் அதே மெல்லிய ஊசி, முனை தட்டையானது. மூடும்போது அது பலகையின் திறப்பு வழியாக உள்ளே போய், பின்பக்கப் பெட்டியில் உள்ள கொக்கியில் 'டக்'கென்று மாட்டும். ஊசி ஒரு நூல்கூட விலகாமலிருக்க, அதற்கென்றே ஒரு ஜிக் செய்து, அந்த அச்சில் வைத்துத்தான் துளை போட்டார். கட்டிலுக்குக்கூட அவ்வளவு பாடுபட்டதில்லை. துணையாக வந்தவர்கள் படுக்கிற கட்டிலில் யார் போட்டியிடப் போகிறார்கள்?

கூடத்தில் முதன்முதலாகத் திறந்து காட்டிய அன்று தலைவர் நீண்ட உரை நிகழ்த்தினார். முடிவில், திறப்புவிழாவைத் தாமே செய்வதாகச் சொல்லி மூடியைத் தொட்டார். அடுத்து அவர் சொன்ன வார்த்தை உரையில் சேராது. விரல் கீலில் மாட்டியிருந்தது. பிறகு துணைத்தலைவர் முயன்றார். மூடி வந்தது, கால்கள் வரவில்லை. மைத்துனன் முயன்றான், கால்கள் வந்தன, அவன் மல்லாந்தான். கட்டிலார் வந்து, அமுக்கி, தூக்கி, திருப்பி, ஒரு நொடியில் நிறுத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவரும் சேர்ந்து கைதட்டினார், பாவம்.

போட்டிக்கு முந்தைய வாரம் மைத்துனன் மறுபடி வந்தான். இந்த முறை உட்காரவில்லை.

"அத்தான், ஒரு சின்ன விஷயம். ஒவ்வொருத்தர் சுட்டதும் அட்டை மாத்தணும், முடிஞ்சதும் சட்டுனு மடக்கணும். அந்தப் பாழாப்போன பூட்டு உங்களுக்கு மட்டும்தான் அடங்குது. நீங்க அங்க நின்னா இங்க எப்படிச் சுடுவீங்க? அதனால கமிட்டியில..."

"கமிட்டியில?"

"நீங்க ஸ்டாண்டு. பழைய நாலாவது ஆளையே போட்டுக்கலாம்னு."

ஸ்டாண்டை நன்றாகச் செய்ததே தன் ஆசைக்கு ஆப்பு வைத்துவிட்டது என்பது கட்டிலாருக்கு மெல்லப் புரிந்தது. கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கலாம். ஆனால் மோசமாகச் செய்வது எப்படி என்று அவருக்குத் தெரியாது. அந்தத் திறமையைச் சுடுவதில்தான் காட்டிவந்தார்.

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுச் சுவரோரம் சாய்த்திருந்த ஸ்டாண்டைப் பார்த்தார். முட்டியால் ஒரு தள்ளு, கட்டைவிரலால் ஒரு உதை. ஸ்டாண்டு விரிந்து நின்றது. இன்னொரு உதை. சூட்கேஸ் ஆனது.

"இதுக்கா இவ்வளவு கமிட்டி?"

"அக்கா!" என்றான் மைத்துனன்.

"அக்காவுமாச்சு, நொக்காவுமாச்சு. ஞாயித்துக்கெழம நான் வந்து நிக்கறேன். அவர் சுடட்டும். வாக்கு குடுத்தல்ல? ஆனா ஒண்ணு, யாரும் எனக்குத் தண்ணிப் பாட்டில் குடுத்துப் புடிக்கச் சொல்லக் கூடாது."

இப்படியாகக் கட்டிலார் நால்வரில் ஒருவரானார்.

போட்டியன்று பக்கத்து ஊர் அணிக்குத் தலைமை தாங்கி வந்தவர், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் ஒரு அம்மாள். நாள் முழுதும் ஐம்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே நேராக ஓட்டுகிறவர். ஆகவே, தலைவரின் வரவேற்புரையை அசையாமல் கேட்டார். ஏற்பாடு இதுதான்: ஒரே ஸ்டாண்டு, அவர்கள் அணியில் ஒருவர், இவர்கள் அணியில் ஒருவர் என்று மாறி மாறி, ஆளுக்கு ஓர் அட்டை, பத்துக் குண்டு. கட்டிலாரின் மனைவி தூணுக்குப் பின்னால் நிற்பார். மணி அடித்ததும் வந்து அட்டையை மாற்றுவார்.

மைத்துனன் நன்றாகச் சுட்டான். சுட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதம் இன்னும் நன்றாக இருந்தது. இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்தது. கடைசியாகச் சுடவேண்டியவர் கட்டிலார்.

அவர் முதல் குண்டைச் சுட்டார். இரண்டாவதைச் சுட்டார். துளைகள் அட்டையில் ஆளுக்கொரு மூலையில், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி விழுந்தன. அதற்குள் பாட்டுக் குழு வந்துவிட்டது. கதவுக்கு வெளியே "ஆ..." என்று ஒரு குரல் ஏறியது, இன்னொன்று இறங்கியது. சாவிக்கொத்து குலுங்கியது. கட்டிலார் பத்தாவது குண்டைச் சுட்டபோது 'டங்' என்று ஒரு சத்தம். கூடத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் குழாயில் எது பட்டாலும் தெரிகிற காது அவருடையது. ஸ்டாண்டின் இடது கால், கீலுக்கு மேலே நாலு விரல் உயரம். அட்டையில் ஒன்பது துளைகள்தான் இருக்கும் என்று அவருக்கு அப்போதே தெரியும்.

மணி அடித்தது. சாவிக்காரர் தலையை நீட்டி, "என்ன, ஆச்சா?" என்றார். கட்டிலாரின் மனைவி, அடுத்து மாற்ற அட்டை இல்லை என்பதால், வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் மேசையை மடக்குகிற அதே பழக்கத்தில், முட்டியால் தள்ளிக் காலால் உதைத்தார். 'டக்'. ஸ்டாண்டு சூட்கேஸ் ஆனது, கட்டிலாரின் அட்டை உள்ளேயே இருக்க.

"அக்கா, அட்டை!" என்று மைத்துனன் கத்தினான்.

"அய்யோ, ஆமால்ல" என்று மறுபடி திறந்து எடுத்துக் கொடுத்தார்.

மைத்துனன் அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். எண்ணினான். மறுபடி எண்ணினான். பத்துத் துளைகள். ஒன்பது, வாய்விட்டுச் சொல்லத் தகாதவை. பத்தாவது, கறுப்பு வட்டத்தின் நடுப்புள்ளியை அப்படியே காணாமல் அடித்திருந்தது.

"அத்தான்! கடைசிக் குண்டு! நடு சென்டர்! முழுசா பத்துப் புள்ளி!"

கூட்டினார்கள். நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயம். பல வருடங்களாகக் கிடைக்காத ஜெயம். தலைவர் கட்டுப் போட்ட விரலை மறந்து கட்டிலாரின் கையைக் குலுக்கி, வலியில் ஒரு முறை துள்ளி, அதையும் மகிழ்ச்சிக் கணக்கில் சேர்த்தார். இனி எல்லாப் போட்டியிலும் நாலாவது இடம் கட்டிலாருக்கே என்று அந்த இடத்திலேயே அறிவித்தார். பாட்டுக் குழுகூட உள்ளே வந்து கைதட்டியது, யாருக்கு என்று தெரியாமலே.

மனைவி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏங்க, அந்த நடு ஓட்டை..."

"ம்."

"அது பூட்டு போட்டதுதானே?"

"ம்."

"சொல்லப் போறீங்களா?"

கட்டிலார் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பாட்டில் வேறு யார் கையிலோ இருந்தது.

"நீ என்ன சொல்ற?"

"என்னைக் கேக்காதீங்க. நான் மடக்க வந்தவ."

அவர் சொல்லாமலேயே இருந்திருப்பார். அந்த அளவுக்கு அவர் நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ யாரும் எண்ண வேண்டாம். நாலாவது இடம் அவ்வளவு இனித்தது. அப்போதுதான் பேருந்து ஓட்டும் அம்மாள் வந்து அட்டையைக் கேட்டு வாங்கினார். கண்ணருகே பிடித்தார், திருப்பிப் பார்த்தார், நிதானமாகச் சொன்னார்:

"நானும் எத்தனையோ பத்து பார்த்திருக்கேன். இப்படிப் பார்த்ததில்ல. ஒரு மயிரிழை விலகல் இல்லையே!"

கட்டிலாரின் நெஞ்சு விரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"விலகாதுங்க. எப்படி விலகும்? ஜிக் வச்சு அடிச்சதாக்கும்!"

"என்ன வச்சு?"

அப்போதும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேலையைப் புகழ்ந்த பிறகு நிறுத்தத் தெரிந்த மேஸ்திரி எங்கே இருக்கிறார்? அவர் ஸ்டாண்டை இழுத்து நடுவில் வைத்தார். மூடி, ஊசி, திறப்பு, கொக்கி எல்லாவற்றையும் விளக்கினார். கேட்டவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்று, புது அட்டை ஒன்றை மாட்டி மடக்கித் திறந்தும் காட்டினார். நடுப்புள்ளி இல்லை. இன்னொரு அட்டை. அதிலும் இல்லை. மூன்றாவதை எடுத்தபோது மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், போதும். எல்லாத்தையும் மடக்கினீங்களே, உங்க வாய மடக்க ஒரு பூட்டு செஞ்சிருக்கக் கூடாதா?"

பத்தைக் கழித்தார்கள். ஆறு புள்ளியில் தோல்வி. தலைவர் சற்றுமுன் குலுக்கிய கையைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு கமிட்டி அங்கேயே, நின்றபடியே கூடியது. நாலாவது இடம் பழைய ஆளுக்கே என்று முடிவானது. அப்படியானால் கட்டிலாரை ஸ்டாண்டுப் பொறுப்பாளராகப் போடலாமே என்று யாரோ இரக்கப்பட்டார்கள். அதற்கு அவருடைய மனைவி இருக்கிறார், அந்த அம்மாள் நன்றாகச் செய்கிறார், மேலும் அவர் வாயைத் திறப்பதில்லை என்று தலைவர் சொன்னார். ஆக, கட்டிலார் சுடுகிறவரும் அல்ல, ஸ்டாண்டும் அல்ல. சங்கத்தில் அவருக்குப் பிடித்துக்கொள்ளத் தண்ணீர்ப் பாட்டில்கூட மிஞ்சவில்லை.

படியிறங்கும்போது பேருந்து ஓட்டும் அம்மாள் பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. சொந்த அட்டையில இருந்து பத்தை எடுத்துக் குடுத்த ஆள நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். எங்க சங்கத்துக்கு வர்றீங்களா?"

கட்டிலார் பாராட்டைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு வேறு கவலை.

"உங்ககிட்ட ஸ்டாண்டு இருக்கா?"

"ஸ்டாண்டா? எங்களுக்குச் சொந்த இடம். செவுத்துல இரும்பு பதிச்சு சிமென்ட் போட்டுட்டோம்."

"மடக்கற மாதிரி எதுவும்?"

"எங்க ஊர்ல கொடைகூட மடங்காதுண்ணே."

அந்த வாரமே அங்கே சேர்ந்தார். எதையும் செய்து தரும்படி யாரும் கேட்கவில்லை. எல்லாரையும்விட மோசமாகச் சுட்டார். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் அவர் ஒரு பேருந்தில் ஏறுவார். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவி வேறொன்றில் ஏறுவார். மனைவி இப்போது பழைய சங்கத்தின் கமிட்டி உறுப்பினர். துணைத்தலைவர் கேட்ட சக்கரத்தை முதல் கூட்டத்திலேயே தள்ளுபடி செய்தவர்.

மறுவருடமும் அதே மாடிக் கூடத்தில் நடந்த போட்டியில் பக்கத்து ஊர் அணியில் ஒருவருக்கு, ஒருவழியாக, காய்ச்சல் வந்தது. கட்டிலார் நாலாவது ஆளாக நின்றார், எதிர்ப்பக்கத்தில். சுட்டு முடித்ததும் அவர் மனைவி அட்டையை முதலில் எடுத்து, எல்லாரும் பார்க்க உயர்த்திக் காட்டிவிட்டு, அப்புறம்தான் மூடினார். பத்துத் துளைகளும் இருந்தன. நடுவில் எதுவும் இல்லை. இரண்டு அணியிலும் சேர்த்து அதுதான் கடைசி மதிப்பெண்.

பழைய சங்கம் அமோகமாக ஜெயித்தது. தலைவர் நன்றியுரையில், சங்கத்தின் நீண்ட வரலாற்றில் இந்த வெற்றிக்கு எவரையும்விட அதிகம் உழைத்தவர் கட்டிலாரே என்றும், அவர் எதிரணியில் தொடர்ந்து நீடிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கட்டிலார் அதைக் கேட்கவில்லை. மனைவியிடம் போய்க் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அட்டைய இப்படிக் குடு."

"கமிட்டியக் கேக்கணும்" என்றார் அந்த அம்மாள். ஆனாலும் கொடுத்தார்.